சிறிய, அகன்ற பாதங்களுக்கான தட ஓட்டக் காலணி

சிறிய, அகன்ற பாதங்களுக்கான தட ஓட்டக் காலணி என்பது, நீளம் குறைந்து முன்பாதம் அகன்றிருக்கும் கால்களுக்குப் பொருந்துமாறு, செப்பனிடப்படாத பாதைகளில் ஓடுவதற்கெனச் செய்யப்படும் காலணியைக் குறிக்கும். மண்பாதை, மணல், பாறை, மலைச்சரிவு ஆகியவற்றில் ஓடும் விளையாட்டு தட ஓட்டம் எனப்படுகிறது. ஓட்டக்காரர்களிடையே இது டிரெயில் ரன்னிங் என்றே பெரிதும் அறியப்படுகிறது. சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான தட ஓட்டக் காலணிகள் மேலைநாட்டுப் பாத வடிவங்களை அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே இத்தகைய பாதம் உடையோர் தம் நீளத்திற்கு மிஞ்சிய காலணியை வாங்கி அகலக் குறையை ஈடுசெய்யும் வழக்கம் உள்ளது. இவ்வழக்கம் சமதளச் சாலையில் தொல்லை தருவது. மலைச்சரிவில் காயம் விளைவிக்கக் கூடியது.

இந்தியர்களின் பாதங்கள் சராசரியாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகன்றவை என்பது, சென்னை அடையாறில் உள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்களிப்புடன் 2021-2022 இல் நடந்த நாடு தழுவிய அளவீட்டில் தெரியவந்தது. எனவே அகன்ற பாதம் என்பது இந்நாட்டில் உடற்குறையோ விதிவிலக்கோ அன்று.

சிக்கலின் தன்மை

காலணியின் வடிவத்தை முடிவு செய்வது காலணி அச்சு ஆகும். மரத்தாலோ நெகிழியாலோ ஆன இக்கால் வடிவத்தின்மீதே காலணியின் மேற்பகுதி இழுத்துப் பொருத்தப்படுகிறது. பெட்டியின் மேல் அச்சிடப்படும் எண் பெரும்பாலும் இவ்வச்சின் நீளத்தை மட்டுமே குறிக்கும்; அகலத்தைப் பற்றி அவ்வெண் எதுவும் கூறுவதில்லை.

சிறிய, அகன்ற பாதத்திற்கு மூன்று தடைகள் ஒருங்கே வாய்க்கின்றன.

1. பெண்களுக்கான காலணிகள் சிறிய எண்களில் கிடைக்கும். ஆனால் அவற்றின் அச்சு ஆண்களுக்கானதைவிடக் குறுகியது. அகன்ற வகைகள் எல்லா வடிவங்களிலும் செய்யப்படுவதில்லை.
2. ஆண்களுக்கான காலணிகள் சற்று அகன்றவை. ஆனால் பல நிறுவனங்களின் ஆண்கள் வரிசை ஆங்கில அளவு 6 இலிருந்தே தொடங்குகிறது.
3. சிறுவர்களுக்கான காலணிகள் அளவில் பொருந்தக்கூடும். ஆனால் அவற்றின் நடுத்தளமும் பிடிமானமும் எடை குறைந்த உடலைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை.

இம்மூன்று வரிசைகளுக்கும் இடையே விடுபட்ட மூலையிலேயே சிறிய, அகன்ற பாதம் நிற்கிறது.

தட ஓட்டக் காலணியின் அமைப்பே இவ்விடரை மேலும் கூட்டுகிறது. கல்லில் இடித்துக்கொள்ளாமல் காக்க விரல் முனையைச் சுற்றிக் கடினமான இரப்பர் காப்பு ஒட்டப்படுகிறது. சாய்வான தரையில் பாதம் பக்கவாட்டில் நழுவாதிருக்க மேற்பகுதியில் நீட்சியற்ற பட்டைகள் சேர்க்கப்படுகின்றன. இவை இரண்டும் காப்புக்குத் தேவையானவை. ஆயினும், சாலை ஓட்டக் காலணியின் மெல்லிய வலைத்துணி சிறிது நெகிழ்ந்து இடங்கொடுப்பதைப் போல் இவை நெகிழ்வதில்லை.

அளவு முறைகள்

ஆங்கில முறை

இந்தியாவில் விடுதலைக்கு முன்பே ஆங்கிலேயரால் அறிமுகம் செய்யப்பட்ட ஆங்கில முறை இன்றும் கடைகளில் வழங்குகிறது. இதன் அலகு ஒரு வாற்கோதுமை மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு (8.47 மி.மீ.) ஆகும். பெரியோருக்கான அளவு 0 என்பது 8⅓ அங்குல அச்சைக் குறிக்கும். அதன்மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மணி நீளம் கூடும்.

ஐரோப்பிய முறை

பாரிசு முறை எனப்படும் இதில் ஓர் எண்ணின் இடைவெளி மூன்றில் இரண்டு சென்ட்டிமீட்டர் (6.67 மி.மீ.) ஆகும்.

ஆங்கில எண்ணும் அச்சின் நீளமும் வருமாறு (ஏறத்தாழ):

ஆங்கில அளவு 3 – 237 மி.மீ. – ஐரோப்பிய அளவு 35½
ஆங்கில அளவு 4 – 245 மி.மீ. – ஐரோப்பிய அளவு 37
ஆங்கில அளவு 5 – 254 மி.மீ. – ஐரோப்பிய அளவு 38
ஆங்கில அளவு 6 – 262 மி.மீ. – ஐரோப்பிய அளவு 39½
ஆங்கில அளவு 7 – 271 மி.மீ. – ஐரோப்பிய அளவு 40½

இவை அச்சின் நீளங்கள் ஆகும். பாதத்தின் நீளம் இவற்றைவிடக் குறைவாக இருக்கும். நிறுவனத்திற்கு நிறுவனம் இவ்வெண்கள் சிறிது மாறுபடுவதும் உண்டு.

மொண்டோபாயின்ட் முறை

பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் நேரடியாகக் குறிக்கும் பன்னாட்டு முறை இதுவாகும். பனிச்சறுக்குக் காலணிகளில் இது வழக்கத்தில் உள்ளது. சப்பானிய அளவு முறையும் பாத நீளத்தைச் சென்ட்டிமீட்டரில் குறிப்பதுடன், முன்பாதச் சுற்றளவுக்குத் தனிக் குறியீடுகளைக் கொண்டுள்ளது.

அகலக் குறியீடுகள்

அமெரிக்க முறையில் அகலம் எழுத்துகளால் குறிக்கப்படுகிறது.

பெண்கள்: இயல்பு – பி, அகலம் – டி, மிகு அகலம் – 2ஈ
ஆண்கள்: இயல்பு – டி, அகலம் – 2ஈ, மிகு அகலம் – 4ஈ

பெண்களுக்கான 'அகலம்' என்பதும் ஆண்களுக்கான 'இயல்பு' என்பதும் ஒரே எழுத்தால் குறிக்கப்படுவதைக் காணலாம். அகன்ற பாதம் உடைய பெண்கள் சிலர் ஆண்களுக்கான காலணியைத் தேடுவதற்கு இதுவே காரணம். இவ்வெழுத்துகள் நிலையான மில்லிமீட்டரைக் குறிப்பன அல்ல. நீள எண்ணைச் சார்ந்தவை. அளவு 5 இன் 2ஈ, அளவு 9 இன் 2ஈ-ஐவிடக் குறுகியதாகவே இருக்கும்.

நீளத்தைக் கூட்டுதல் ஏன் தீர்வாகாது

ஓர் எடுத்துக்காட்டு வழியாக இதனை விளக்கலாம். ஒருவரின் பாதம் 230 மி.மீ. நீளம் உடையது எனக் கொள்வோம். ஓடும்போது விரல்கள் முன்னே நகர்வதற்கு இடம் விட்டால் அவருக்குப் பொருந்துவது ஏறத்தாழ 245 மி.மீ. அச்சு, அதாவது ஆங்கில அளவு 4 ஆகும். முன்பாதம் அகன்றிருப்பதால் அளவு 4 இறுக்குகிறது. கடையில் அவருக்கு அளவு 6 தரப்படுகிறது. அதில் இறுக்கம் இல்லை. எனவே அவர் அதனை வாங்குகிறார்.

ஆங்கில முறையில் நீளம் ஓர் எண் கூடும்போது முன்பாதச் சுற்றளவு பொதுவாக ஏறத்தாழக் கால் அங்குலம் (சுமார் 6 மி.மீ.) கூடும். ஆகவே இரண்டு எண் கூட்டியதால் அவருக்குக் கிடைத்த சுற்றளவு ஏறத்தாழ 12 மி.மீ. ஆனால் அதனுடன் வேண்டாத 17 மி.மீ. நீளமும் சேர்ந்தே வருகிறது. அதே நீளத்தில் அகல நிலையை மட்டும் உயர்த்தியிருந்தால், ஒவ்வொரு நிலைக்கும் இதையொத்த சுற்றளவு கூடியிருக்கும், நீளம் மாறியிருக்காது.

மிகுதியான நீளத்தால் பின்வரும் தீங்குகள் நேர்கின்றன.

மடிப்பு இடம் மாறுதல்: பாதம் மடங்குவது விரல் மூட்டுகளில். குதிகாலிலிருந்து அவ்விடம் வரையுள்ள தொலைவு பாத நீளத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஆகும். காலணி 17 மி.மீ. நீண்டால் அது மடங்குமாறு அமைக்கப்பட்ட இடம் ஏறத்தாழ 12 மி.மீ. முன்னே சென்றுவிடுகிறது. காலணியின் மிக அகன்ற பகுதியும் அவ்வாறே முன்னே நகர்கிறது. இதனால் அகலத்திற்காக வாங்கிய காலணி, அகலம் தேவைப்படும் இடத்தில் குறுகியே நிற்கிறது.

தடுக்கி விழுதல்: ஓடுபவரின் மூளை பாதத்தின் முனை எங்குள்ளது என்பதைக் கணித்தே காலைத் தூக்குகிறது. விரலுக்கு அப்பால் நீண்டிருக்கும் வெற்று முனை வேரிலும் கல்லிலும் இடறுகிறது.

நகக் காயம்: இறக்கத்தில் ஓடும்போது தளர்ந்த காலணிக்குள் பாதம் முன்னே சறுக்கி விரல்கள் மோதுகின்றன. நகத்தின் அடியில் குருதி கட்டி நகம் கறுப்பது தட ஓட்டக்காரர்களிடையே பரவலாகக் காணப்படும் காயமாகும்.

நாடா இறுக்கம்: தளர்வைப் போக்க நாடாவை மிக இறுக்கிக் கட்டுவதால் பாதத்தின் மேற்புறத்தில் நரம்பும் தசைநாணும் அழுந்தி வலி உண்டாகிறது. நீளம் மிகுந்த காலணியை அணிந்து நாடாவை அளவுக்கு மீறி இறுக்கும் வழக்கம் இந்தியரிடையே காணப்படுவது, பா அளவு முறை தொடர்பாக வெளியான செய்திகளிலும் குறிக்கப்பட்டுள்ளது.

குதிகால் உரசல்: முன்பாதம் அகன்றவர்களில் பலருக்குக் குதிகால் அகன்றிருப்பதில்லை. பெரிய எண்ணில் குதிகால் அறையும் பெரிதாகிவிடுவதால் தோல் உரசிக் கொப்புளம் உண்டாகிறது.

நீரிழிவு நோய் உடையோருக்கு இது வெறும் வசதிக் குறைவு அன்று. காலில் உணர்வு குறைந்தவர் இறுக்கத்தையோ உரசலையோ உணர்வதில்லை. கவனிக்கப்படாத சிறு கொப்புளம் ஆறாப்புண்ணாக மாறக்கூடும்.

அகன்ற பாதத்தின் காரணங்கள்

பாதத்தின் வடிவம் மரபால் மட்டும் அமைவதன்று, வழக்கத்தாலும் அமைகிறது. இந்தியாவில் வீட்டினுள்ளும் வழிபாட்டிடங்களிலும் காலணி அணிவதில்லை. மயிலாப்பூரில் பங்குனித் திருவிழாவின் அறுபத்து மூவர் உலாவின்போது மாட வீதிகளில் வெறுங்காலுடன் நடப்போரை இன்றும் காணலாம். வெளியில் அணியப்படுவதும் பெரும்பாலும் விரல்களை நெருக்காத திறந்த செருப்பே ஆகும். இவ்வாறு வளரும் பாதத்தில் விரல்கள் விரிந்தே நிற்கின்றன.

2009 இல் வெளியான ஓர் ஆய்வு, வெறுங்காலுடன் நடந்து பழகிய இந்தியர் 70 பேர், காலணி அணியும் இந்தியர் 137 பேர், மேலைநாட்டினர் 48 பேர் ஆகியோரின் பாதங்களை ஒப்பிட்டது. வெறுங்காலுடன் நடப்போரின் முன்பாதம் அகன்றிருந்ததையும், நடக்கும்போது அவர்களின் பாதத்தில் அழுத்தம் கூடுதல் சீராகப் பரவியதையும் அவ்வாய்வு கண்டது. மேலைநாட்டினரின் பாதங்கள் ஒப்பளவில் மெலிந்திருந்தன. இதன்படி அகன்ற முன்பாதம் ஓட்டத்திற்குத் தகுதியற்றதன்று. எடையைப் பரப்பித் தாங்குவதில் அதற்குப் பயன் உண்டு எனலாம்.

அடையாறும் 'பா' அளவு முறையும்

அடையாறு சர்தார் பட்டேல் சாலையில் உள்ள நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 இல் நிறுவப்பட்டது. இது அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வு மன்றத்தின் கீழ் இயங்குகிறது. தோல் பதனிடுதலில் மட்டுமன்றிக் காலணி வடிவமைப்பிலும் இந்நிறுவனம் ஈடுபட்டுள்ளது.

இந்தியர்களின் பாத அளவு பற்றிய விரிவான தரவு நெடுங்காலம் இல்லாமையால், இந்தியாவிற்கெனத் தனி அளவு முறை உருவாகவில்லை. இக்குறையைப் போக்க 2021 திசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் ஐந்து மண்டலங்களில், 79 இடங்களில், 1,01,880 பேரின் பாதங்கள் முப்பரிமாண வருடிகளால் அளக்கப்பட்டன. இவ்வளவீட்டின் முதன்மையான முடிவுகள் வருமாறு:

பாதத்தின் வளர்ச்சி சராசரி இந்தியப் பெண்ணுக்கு 11 அகவையளவிலும், ஆணுக்கு 15 அல்லது 16 அகவையளவிலும் உச்சத்தை அடைகிறது.
இந்தியரின் பாதங்கள் சராசரியாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட அகன்றவை.
வடகிழக்கு மாநிலத்தவரின் பாதங்கள் பிற பகுதியினருடையவற்றைவிடச் சராசரியாகச் சிறியவை. ஆயினும் வட்டாரத்திற்கு ஒன்றாக ஐந்து அளவு முறைகள் தேவைப்படலாம் என்ற தொடக்கக் கருத்து கைவிடப்பட்டு, நாடு முழுமைக்கும் ஒரே முறை போதும் என முடிவு செய்யப்பட்டது.

இவ்வடிப்படையில் முன்மொழியப்பட்ட முறைக்குப் பாரத் என்னும் பெயரைக் குறிக்கும் வகையில் 'பா' எனப் பெயரிடப்பட்டது. இதில் கைக்குழந்தைகள் முதல் பெரியோர் வரை அகவையும் பாலும் சார்ந்த எட்டுப் பிரிவுகள் உள்ளன. அரை எண்கள் தேவையில்லை என்பதும், நடைமுறையில் உள்ள முறைகளைவிட அச்சின் சுற்றளவு கூடுதலாக இருக்கும் என்பதும் இதன் சிறப்புகளாகக் கூறப்பட்டன. பரிந்துரைகள் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை வழியாக இந்தியத் தர நிர்ணய அமைவனத்திற்கு அனுப்பப்பட்டன. 2025 இல் இம்முறை நடைமுறைக்கு வரக்கூடும் என 2024 இல் செய்திகள் வெளியாயின.

தமிழ்நாட்டின் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல், காலணி ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றவை. அங்குள்ள ஏற்றுமதித் தொழிற்கூடங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரின் அச்சுகளைக் கொண்டே காலணி செய்கின்றன என்பது இங்கு நோக்கத்தக்கது.

பாதத்தை அளத்தல்

காலணி வாங்குமுன் பாதத்தை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

1. மாலை வேளையில் அளத்தல் வேண்டும். நாள் முழுதும் நின்றும் நடந்தும் இருந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். சென்னையின் வெப்பத்தில் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.
2. ஓடும்போது அணியும் காலுறையை அணிந்து, சுவரில் குதிகால் படுமாறு ஒரு தாளின்மீது முழு எடையுடன் நிற்க வேண்டும். மற்றொருவர் எழுதுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றிலும் வரைய வேண்டும்.
3. குதிகாலிலிருந்து மிக நீண்ட விரல் வரை நீளத்தை அளக்க வேண்டும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரலே நீண்டிருக்கும்.
4. பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை அகலத்தையும், அதே இடத்தில் தையற்காரரின் அளவு நாடாவைக் கொண்டு சுற்றளவையும் குறித்துக்கொள்ள வேண்டும்.
5. இரு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்திற்கேற்பக் காலணியைத் தெரிவு செய்ய வேண்டும்.

மேலைநாட்டுக் கடைகளில் இதற்கெனப் பிரானக் அளவி என்னும் கருவி பயன்படுகிறது. அமெரிக்காவின் சிரக்கியூசு நகரைச் சேர்ந்த சார்லசு பிரானக் 1920களில் இதனை உருவாக்கினார். நீளம், அகலம் ஆகியவற்றுடன், குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரையுள்ள தொலைவையும் இது தனியே அளக்கிறது. குட்டையான விரல்கள் உடையோருக்கு இம்மூன்றாம் அளவு இன்றியமையாதது.

அகலத்தின் வகைகள்

'அகலம்' என்னும் ஒரே சொல் மூன்று வெவ்வேறு தேவைகளைக் குறிக்கிறது. எந்தத் தேவை என அறியாமல் காலணி தேடுவது வீண்செலவில் முடியும்.

மூட்டு அகலம்: விரல் மூட்டுகளின் குறுக்கே இறுக்கம் இருப்பின், 2ஈ போன்ற அகலக் குறியீடு உடைய காலணி தேவை. நியூ பேலன்சு போன்ற நிறுவனங்கள் ஒரே காலணியைப் பல அகலங்களில் வெளியிடுகின்றன.

விரலறை அகலம்: மூட்டில் இறுக்கம் இல்லாமல் பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நெருக்கப்பட்டால், முனை கூராகாமல் விரல்களின் இயல்பான விரிவைப் பின்பற்றும் அச்சு தேவை. ஆல்ட்ரா, டோப்போ ஆகிய நிறுவனங்கள் இவ்வகைக்கு அறியப்பட்டவை. ஆல்ட்ராவின் காலணிகள் பலவற்றில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும். பழக்கமில்லாதவரின் கெண்டைக்காலுக்கு இது சுமையாகலாம். ஆதலால் ஓடும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும்.

மேற்பாத உயரம்: பாதத்தின் மேற்புறம் உயர்ந்திருப்பின் அகலமான காலணியும் இறுக்கும். இதற்கு நாடா கட்டும் முறையை மாற்றுவதே பெரும்பாலும் போதுமானது.

கடையில் தெரிவு செய்தல்

தியாகராய நகரின் பாண்டி பசார், அடையாறு, மயிலாப்பூரின் லஸ் பகுதி ஆகிய இடங்களில் காலணிக் கடைகள் உள்ளன. கடைகளில் பொதுவாகக் கேட்கப்படுவது நீள எண் மட்டுமே. அகலத்தை வாங்குபவரே எடுத்துரைக்க வேண்டியுள்ளது. பின்வரும் சோதனைகள் பயன் தரும்.

உட்தளச் சோதனை: காலணியினுள் உள்ள உட்தளத்தை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மீது நிற்க வேண்டும். சுண்டுவிரலோ மூட்டோ விளிம்பிற்கு வெளியே வழிந்தால் அக்காலணி குறுகியது. எண்ணையோ விற்பவரின் உறுதிமொழியையோவிட நம்பத்தக்க சோதனை இதுவாகும். வீட்டில் வரைந்த தாளையும் உட்தளத்தின்மீது வைத்து ஒப்பிடலாம்.

விரல் இடைவெளி: நின்ற நிலையில் மிக நீண்ட விரலுக்கும் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இருத்தல் வேண்டும்.

மடிப்புச் சோதனை: குதிகாலைத் தூக்கி நிற்கும்போது காலணி மடங்கும் இடமும் விரல் மூட்டும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

இறக்கச் சோதனை: கடையின் சாய்தளத்திலோ படிக்கட்டிலோ இறங்கிப் பார்க்கும்போது விரல்கள் முனையைத் தொடக்கூடாது.

'அணிய அணியத் தளர்ந்துவிடும்' என்னும் கூற்று தோல் காலணிக்கு ஓரளவு பொருந்தும். செயற்கை இழையும் ஒட்டுப் பட்டையும் கொண்ட தட ஓட்டக் காலணிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கடையில் இறுக்குவது மலையிலும் இறுக்கும்.

நாடா கட்டும் முறைகள்

முன்பாதத்தின் அகன்ற பகுதிக்கு நேரே உள்ள துளைகளில் நாடாவைக் குறுக்கே கோக்காமல் பக்கவாட்டிலேயே ஏற்றிச் சென்றால் அவ்விடத்தில் இறுக்கம் குறையும். கணுக்காலை ஒட்டிய கடைசித் துளைகளில் நாடாவை வளையமாக்கி, எதிர்ப்புற முனையை அவ்வளையத்தின் வழியே இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது நிற்கும். இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டுவது, குறுகிய குதிகாலும் அகன்ற முன்பாதமும் உடையோருக்குப் பொருத்தமானது.

சென்னைச் சூழலில்

தென்சென்னையில் மணல் ஓட்டத்திற்குப் பெசன்ட் நகர் எலியட்சு கடற்கரை உள்ளது. மலைத் தடங்களுக்குச் சவ்வாது மலை, ஏலகிரி, ஆந்திர எல்லையிலுள்ள நாகலாபுரம் மலை போன்ற இடங்களுக்குச் செல்ல வேண்டும். காப்புக் காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றி நுழையக் கூடாது.

இத்தடங்களில் உருளும் கற்களும் சீமைக் கருவேல முட்களும் மிகுதி. எனவே அகலத்தை மட்டும் நோக்கி மெல்லிய அடித்தளம் உடைய காலணியைத் தெரிவு செய்தல் தகாது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை நீர் விரைவில் வடியும் வலைத்துணி மேற்பகுதி ஏற்றது. நனைந்த காலணியில் தோல் ஊறி மென்மையாவதால், சிறிய இறுக்கமும் விரைவில் கொப்புளமாகும்.

தகுந்த காலணி கிடைக்காதபோது, பிடிமானம் உள்ள அகன்ற சாலை ஓட்டக் காலணியை எளிய மண்பாதைகளுக்குப் பயன்படுத்துவது, பொருந்தாத தட ஓட்டக் காலணியுடன் செங்குத்தான சரிவில் இறங்குவதைவிடப் பாதுகாப்பானது. இரண்டு எண் பெரிதான காலணியை வாங்கி விரல் நகங்களை இழந்தபின் தம் கால்கள் ஓட்டத்திற்கு ஏற்றவை அல்ல என எண்ணி விலகுவோர் உண்டு. பொருந்தாதது அச்சே அன்றிப் பாதம் அன்று.

இவற்றையும் பார்க்க

காலணி
நெடுந்தொலைவு ஓட்டம்
நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனம்
தட்டைப் பாதம்
நீரிழிவுப் பாதம்